பதினெட்டு மெஷினிலும் தமிழ்

இன்று ஒரே கட்டளையில் நூற்றுக்கணக்கான மெஷின்களை மாற்றுகிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை. மாத்தளைக் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தின் அந்தப் பதினெட்டு மெஷின்களை நினைத்தால்தான் இப்போதும் மனசு நெகிழ்கிறது.

இலங்கையில் யுத்தம் முடியாத காலம். அங்கே வேலை செய்தவர்களில் நான் ஒருவன்தான் தமிழன். மெஷின்களில் ஓடிய லினக்ஸில் சின்ன மாற்றம் என்றாலும் ஒவ்வொரு நாற்காலியாக மாறி உட்கார வேண்டும். எனக்கோ பொறுமை என்பதே கிடையாது.

அதனால்தான் அந்தத் தானியங்கிக் கருவியை என் மேசைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அதில் ஒரு விதியை எழுதிவைத்தால் போதும், மற்ற மெஷின்கள் அரை மணிக்கொரு தடவை வந்து பார்த்துத் தாமாகவே மாறிக்கொள்ளும். எங்கள் டயல்-அப் இன்டர்நெட்டில் அது இறங்காது என்று கண்டியில் ஒரு நண்பனிடம் சீடியில் வாங்கிவந்தேன். வழியில் பஸ்ஸைச் சோதித்த சிப்பாய் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, படமா என்று சிங்களத்தில் கேட்டான். ஆமாம் என்றேன். வேறு எப்படி விளக்குவது?

இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அது ஓடியதும் துள்ளிக் குதித்தேன். மறுநாள் டைப்பிங் பரீட்சை. தமிழில் எழுதும் ஐந்து பேரின் மெஷின்களுக்குத் தமிழ் விசைப்பலகை என்று விதி எழுதினேன். முதலில் சோதித்துப் பார்க்க, எந்த மெஷின் என்ற இடத்தில் 'எல்லாம்' என்று போட்டதை மாற்ற மறந்துவிட்டேன், மடையன்!

காலையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்தாள். "சேர், எல்லா மெஷின்லயும் நம்ம எழுத்துதான் வருது சேர்!"

அவளுக்குச் சந்தோஷம். நான் பரீட்சை அறைக்கு ஓடினேன். சிங்களப் பிள்ளைகள் லாகின் பெயரைத் தட்டினால் தமிழ் விழுந்தது, ஒருவராலும் மெஷினுக்குள் போக முடியவில்லை. கைதவறிச் செய்தேன் என்றால் அந்த நாட்களில் யார் நம்புவார்கள்? வேலை போனால் போகட்டும், விசாரணைக்குக் கூட்டிப்போனால்?

நிலையத் தலைவி பக்கத்து ஊரான நாலந்தாவிலிருந்து வரும் சிங்கள அம்மா, தமிழும் பேசுவார். நடந்ததை அவரிடம் கொட்டினேன்.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"விதியைத் திருத்திட்டேன் மேடம். ஆனா அதுங்க வந்து பாக்க அரை மணி ஆகும்."

மெஷின்களை நிறுத்திப் போட்டிருந்தாலே உடனே வந்து பார்த்திருக்கும். பயத்தில் அது மண்டையில் ஏறவில்லை.

"சரி, புள்ளைகளுக்கு டீ குடுங்க" என்றார்.

பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து பரீட்சை அதிகாரி வந்துவிட்டார். ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று அதட்டினார். மேடம் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், கரண்ட் இல்லை என்றார்.

அதிகாரி தலைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். திரைகளில் இருந்த தமிழைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டிய என் முகத்தையும் பார்த்தார்.

"சரி, கரண்ட் வரட்டும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, நாற்காலியை அந்த ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.