பதினாறு முடியாமல் பறந்த வீரன்

என் மனைவி சரோஜாவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, வேறு யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'அன்னாரது' என்ற சொல்லுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் டி.டி.பி. தொழிலில் கல்யாணத்துக்கு ஒரு மாதம் அவகாசம் தருவார்கள். சாவுக்கு ஒரு மணி நேரம். சின்னசேலத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில், வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். "கொழம்ப சூடு பண்ணி வெச்சிடுங்க, கெட்டுடும்" என்றாள். சரி என்றேன். போஸ்டர்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் கடையில் இரண்டு வேலை நடக்கும். ஒன்று பத்திரிகை, போஸ்டர், பேனர். இன்னொன்று, வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று அனுப்பும் காமிக்ஸ் பக்கங்களில் வசன பலூனுக்குள் தமிழை உட்கார வைப்பது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தமிழைக் காமிக்ஸ் படித்தும், கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டியும் கற்றுக்கொண்டேன். அந்தப் பதிப்பகம் தன் பழைய 'சுழல்வீரன்' தொடரை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. ரீபூட் என்கிறார்கள். பழைய சுழல்வீரன் கட்டைப் பிரம்மச்சாரி. புதியவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தார்கள், இரண்டாம் புத்தகத்தில் சாகடிப்பதற்காக.

முதல் புத்தகத்தை வாங்கி ஏமாந்த சக வாசகர்களே, உங்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. நீங்கள் மூடி வைத்துவிட்டீர்கள். நான் அடுத்ததற்கு பலூன் நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டாவதும் போகாவிட்டால் தொடரை நிறுத்திவிடுவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். வந்த பக்கங்களைப் பார்த்தேன். வீரனின் மனைவி சாகிற இடம் மொத்தம் அரைப் பக்கம். அச்சுக்குப் போவதற்குள் அதை மாற்றிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது.

யார் படம் பெரிசு

உளுந்தூர்பேட்டை ரோட்டில் பைக்கில் போய் இறந்த ஒருவருக்குப் போஸ்டர் போட நாலு நண்பர்கள் வந்தார்கள். இறந்தவர் படம் மேலே, நாலு பேர் படமும் கீழே. முதல் புரூஃபைப் பார்த்துவிட்டு, தங்கள் படத்தின் அளவைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் என்றார்கள். நாலு பேரும் கூலிங்கிளாஸ் போட்டு போனில் பேசிக்கொண்டு வளர வளர, இறந்தவர் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

கம்ப்யூட்டர் திரையில் பக்கத்து ஜன்னலில் சுழல்வீரனின் அட்டைப்படம் திறந்திருந்தது. அதிலும் வீரன் முக்கால் அட்டைக்கு நின்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். மனைவி அவன் பூட்ஸுக்குப் பக்கத்தில் தபால்தலை அளவுக்குக் கிடந்தாள். இரண்டையும் பார்த்துவிட்டு, "செத்தவரு படத்தக் கொஞ்சம் பெருசா வெக்கலாமேப்பா" என்று மெதுவாகக் கேட்டேன். நால்வரில் ஒருவர் கோபமே இல்லாமல் விளக்கினார்:

"அவன ஊருக்கே தெரியும்ண்ணா, எங்களத்தான் ஒருத்தனுக்கும் தெரியாது."

பேர் இன்னா

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள், கணவருடைய முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு வந்திருந்தார். காகிதம் வேண்டாம், ஃபிளக்ஸ்தான் வேண்டும் என்றார். போன வருஷம் ஒட்டிய போஸ்டரைப் பசையோடு சேர்த்து மாடு தின்றுவிட்டதாம். "மொகம் வரைக்கும் தின்னுட்டு, பேர வுட்டுட்டுப் போயிடுச்சி" என்று அவரே சிரித்தார்.

பிரிண்ட் ஓடும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், விழுந்து கிடக்கிற பெண் யார் என்று கேட்டார். கதையில் வீரனுடைய சம்சாரம் என்றேன். "பேரு இன்னா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தெட்டு பக்கத்திலும் தேடினேன். 'அன்பே' இருந்தது, 'கண்ணே' இருந்தது, 'என் உயிரே' மூன்று இடத்தில் இருந்தது. வில்லன் வளர்க்கும் நாய்க்குக்கூட டைகர் என்று பேர் வைத்திருந்தார்கள். அவளுக்கு இல்லை. இருபது வருஷமாகச் சாவுப் போஸ்டரில் பேரைத்தான் முதலில் அடிக்கிறேன், இது என் கண்ணில் படவே இல்லை. அந்த அம்மாள் ஃபிளக்ஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பேரே இல்லாத பொம்பளைக்கு எவன் சார் வந்து அழுவான்?"

மூன்று கட்டம்

முருகேசன் சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். எனக்கு முதலில் வரும் சாவுச் செய்தியை அவருக்குச் சொல்வேன், அவருக்கு வருவதை எனக்குச் சொல்வார். அப்படி ஒரு நாள் வந்தவர், என் தோளுக்கு மேலே எட்டிக் காமிக்ஸைப் பார்த்தார். முதல் கட்டத்தில் மனைவி விழுகிறாள். இரண்டாவதில் சுழல்வீரன் வானத்தைப் பார்த்து 'பழிக்குப் பழி!' என்கிறான். மூன்றாவதில் உடுப்பை மாட்டிக்கொண்டு பறந்துவிடுகிறான்.

முருகேசனுக்குத் தொழில்ரீதியாகச் சந்தேகங்கள் வந்தன. "பொணத்த யாரு எடுத்தது?" என்றார். காட்டவில்லை என்றேன். "சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொன்னாங்களா?" தெரியவில்லை. "பால் தெளிக்கவாவது வந்தானா?" அதுவும் இல்லை. கடைசியாக அவர் கேட்டது:

"பொண்டாட்டி செத்து பதினாறு கூட ஆவல, பேன்டு மேல ஜட்டிய மாட்டிக்கினு எங்கண்ணா கெளம்பிட்டான் இவன்?"

ஆசிரியருக்குப் போன்

எழுத்து கோர்க்கிறவன் கதையைப் பற்றிப் பேசுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. ஆனாலும் போன் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பேர் வையுங்கள், அட்டையில் அவளைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், அவன் பறப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற மாதிரி இரண்டு பக்கம் கொடுங்கள் என்றேன். ஆசிரியர் நல்ல மனிதர். "ஆக்‌ஷன் கதைங்கய்யா இது. ரெண்டு பக்கம் அழுதுக்கிட்டே இருந்தா யார் படிப்பாங்க?" என்றார்.

அழ வேண்டாம் என்றேன். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொல்லிவிட்டேன். சரோஜா போன மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நான் கேஸ் புக்கை இரண்டு மணி நேரம் தேடினேன். அரிசி டப்பாவுக்குள்ளேகூடக் கையை விட்டுப் பார்த்தேன். சிலிண்டரில் பாதி கேஸ் இருந்தது. அப்போது புக்குக்கு ஒரு அவசியமும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும், அவ்வளவுதான். உங்கள் வீரனும் எதையாவது தேடட்டும் என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பேரை நீங்களே சொல்லுங்கள் என்றார் ஆசிரியர். சரோஜா என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் ஒரு காமிக்ஸ்கூடப் படித்தவள் இல்லை. தன் பேரை இதில் பார்த்தால் சண்டைக்கு வந்திருப்பாள். மல்லிகா என்றேன். ஐந்தாம் பக்கத்தில் 'அன்பே' இருந்த பலூனில், 'மல்லிகா, என் பெல்ட் எங்கே?' என்று வீரன் கேட்பதாக முடிவானது. அவன் பறந்ததும் பதினேழாம் பக்கத்தில் ஒரு பெரிய வெடி விபத்து இருந்தது. அதை எடுத்துவிட்டு, பறப்பதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளி, அந்த இடத்தைத் தருவதாகச் சொன்னார். போனை வைக்கும் முன்:

"ஒரு பக்கம்தான் தர்றேன். அதுல வாசகன் கொட்டாவி விட்டான்னா, அடுத்த புக்கு உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல, சுழல்வீரனுக்கும் இல்ல."

வரேன்

பத்து நாளில் புதிய பக்கம் வந்தது. ஓவியர் ஆறு கட்டம் போட்டிருந்தார். காலி நாற்காலிகள். பீரோவில் எதையோ தேடும் வீரன். துக்கம் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் நண்பன். கடைசியில் நண்பன் எழுந்து போகிறான். அவன் வசனம் நீளமாக இருந்தது: 'நண்பா, மனதைத் தளரவிடாதே, நான் விடைபெறுகிறேன்.' பலூனோ எலுமிச்சம்பழ அளவு. இந்த மாதிரி இடத்தில் நாங்கள் யோசிப்பதில்லை, சுருக்குவோம். கை தானாகச் சுருக்கியது: 'தைரியமா இரு, போயிட்டு வரேன்.' அழகாக உட்கார்ந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முருகேசன் வந்து, மேஜைமேல் கிடந்த பிரிண்டை எடுத்துப் பார்த்தார். முதல் ஐந்து கட்டத்துக்கும் தலையை ஆட்டினார். ஆறாவதில் நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போனால் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். வரேன் என்று சொன்னால், இதே மாதிரிக் காரியத்துக்கு இன்னொரு தரம் வருகிறேன் என்று ஆகிவிடும். இது எனக்குத் தெரியாததா? என் வீட்டில் பதினாறு நாளும் ஒவ்வொருவராக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஆசிரியருக்குத் துக்கம் எப்படி என்று பாடம் சொன்னவனும் நான்தான். முருகேசன் பிரிண்டை என்னிடமே நீட்டினார்:

"எழவு வூட்ல போயிட்டு வரேன்னு சொல்லிக்கினு போறானே, அடுத்து யாரு தலைக்கு ஓலைன்னு அவனயே கேளுங்க!"

பதினேழாம் பக்கம்

ஆசிரியரைக் கூப்பிட்டேன். பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன என்றார். தப்பு என்னுடையது என்றேன். விஷயத்தைக் கேட்டதும், "அதுக்கென்ன, இன்னும் அடிக்க ஆரம்பிக்கல, வேற வார்த்தை போட்டு அரை மணி நேரத்துல அனுப்புங்க" என்றார். 'கிளம்பறேன்' என்று அடித்தேன். அதுவும் சொல்லிக்கொள்வதுதான். 'அப்புறம் பார்ப்போம்' அதைவிட மோசம். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று போட்டால், காய்ச்சல்காரனைப் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தது. அரை மணி நேரம் முடிந்தபோது பலூன் காலியாக இருந்தது. அப்படியே அனுப்பி, நண்பன் ஒன்றும் சொல்வதில்லை, ஓவியரிடம் சொல்லி பலூனையே அழித்துவிடுங்கள் என்றேன். இனிமேல் இந்த மாதிரி இழுத்தடித்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இதை அழித்துவிடுங்கள் என்றேன். அப்படிப் பேசியது எனக்கே ஆச்சரியம்.

ஓவியர் அந்த பலூனை அழித்தாராம். அழித்த பிறகு அதற்கு முந்தைய கட்டத்தில் நண்பன் சொல்லும் ஆறுதல் கத்துகிற மாதிரித் தெரிந்ததாம், அதையும் எடுத்தார். பிறகு பீரோவைத் தேடும்போது வீரன் தனக்குத்தானே பேசுவதையும் எடுத்தார். புத்தகம் வந்தபோது பார்த்தேன். நாற்காலிகள் இருக்கின்றன. அவன் தேடுகிறான். நண்பன் வருகிறான், உட்காருகிறான், எழுகிறான், செருப்பில் காலை விடுகிறான். வீரன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பதினெட்டாம் பக்கத்தில் வழக்கம்போலப் பறக்கிறான். அட்டைப்படத்தில் மல்லிகா இன்னும் தபால்தலை அளவுதான். அங்கே நான் தோற்றேன். இரண்டு வாரம் கழித்து ஆசிரியர் போன் செய்தார்:

"பாதிப் பேரு எழுத்து விட்டுப்போச்சுன்னு திட்டுறாங்க, மீதிப் பேரு அந்தப் பக்கத்தப் பத்தி மட்டுந்தான் பேசுறாங்க, மூணாவது புக்குக்குப் பக்கம் அனுப்பியிருக்கேன், வேலையப் பாருங்கய்யா."

புத்தகம் நாற்பத்தெட்டு பக்கம். அதில் நாற்பத்தேழில் என் எழுத்து இருக்கிறது.