தமிழில் கேட்ட வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிதம்பரம் பேருந்தில் ஏறியதிலிருந்து அவர் நிலையாக உட்காரவே இல்லை. என் பக்கத்து இருக்கை. வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"யாரையாவது தேடுறீங்களா பாய்?"

"இல்லம்மா. எங்க வாப்பாகிட்டேருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம்" என்றவர், அந்தக் கதையைச் சொன்னார்.

அவருடைய வாப்பா, பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் துணிக்கடை வைத்திருந்தவர். உலகப்போரில் ஜப்பான் தோற்றதும் அங்குள்ளவர்கள் விடுதலை என்று கொண்டாடினார்களாம். ஆனால் அந்த நாட்டைப் பிரெஞ்சுக்காரரிடமே திருப்பிக் கொடுப்பதென்று வெள்ளைக்கார அரசுகள் தங்களுக்குள் பேசி முடித்திருந்தன. அதற்கு வழிசெய்ய வந்த பிரிட்டிஷ் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

"ஒருத்தன் கடை வாசல்ல நின்னு, 'அண்ணே, இந்தச் சந்து எங்க போவுது?'ன்னு கேட்டிருக்கான். தமிழக் கேட்ட சந்தோசத்துல வாப்பா அவனுக்கு டீ குடுத்து, வழியும் சொல்லிட்டாங்க. அன்னைக்கே அந்தச் சந்துல ஒளிஞ்சிருந்த விடுதலைக்காரங்களப் புடிச்சிட்டாங்க. வாப்பா கடையில தச்சிக்கிட்டிருந்த டைலரும் அதுல ஒருத்தர். திரும்பி வரவேயில்ல. அப்புறம் வாசல்ல நெழலாடுனாலே வாப்பா எழுந்து பாப்பாங்க."

"அவுங்க வழிதானே சொன்னாங்க?" என்றேன்.

"நானும் அதான்மா சொன்னேன். 'அவன் பிரெஞ்சுல கேட்டிருந்தா சொல்லியிருப்பேனா?'ன்னு திருப்பிக் கேட்டாங்க."

பரங்கிப்பேட்டைக்கு வண்டி மாற அவர் முட்லூரில் இறங்கிக்கொண்டார்.  அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றபோது, நானும் எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்.