காப்பு அவிழ்க்காத கை

2005 பங்குனியில் நானும் என் மனைவியும் சிவகாசியில், பூட்டிக் கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கியின் தாழ்வாரத்தில் குடியிருந்தோம். குடியிருந்தோம் என்றுதான் எழுதுவேன். மற்றவர்கள் அதைப் படுத்துக் கிடப்பது என்றார்கள். அங்கே அடுப்பு இருந்தது, கொடிக்கயிறு இருந்தது, காலையில் கோலமும் இருந்தது.

தை வரை பக்கத்துத் தெருவில் லைன் வீடு. அச்சகம் கட்ட அந்த வரிசையையே இடித்துவிட்டார்கள். வேறு அறைக்கு அட்வான்ஸ் கொடுக்க வழியில்லை. நான் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அமாவாசையும் முகூர்த்தமும் ஒரு நாள் பிசகாமல் பார்த்துக் கொடுத்துவிட்டு, ஆணி அடிக்க எனக்கொரு சுவரில்லாத இடத்துக்குத் திரும்புவேன். அவளுக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேலை. கம்பெனி வேன் கிட்டங்கித் தெருமுனைக்குத்தான் வரும். அங்கிருந்து கிளப்பினால் அவள் வேலையும் போய்விடும்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் காலை, தெருச் சங்கத் தலைவர் மினி லாரியோடு வந்தார். சாமி அந்த வழியாக வருகிறதாம். தாழ்வாரம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

“சாமான ஏத்துங்க தம்பி. சாத்தூர் ரோட்டோரம் எடம் கெடக்கு, அங்கன இருந்துக்கோங்க.”

நான் பாயைச் சுருட்டினேன். அவள் அடுப்பை விட்டு எழவில்லை.

“அண்ணாச்சி, காப்புக் கட்டியாச்சுல்ல?”

“ஆமா, அதுக்கென்ன?”

“தீச்சட்டி எடுக்க என் கையிலயும் கட்டியிருக்கு.” மஞ்சள் கயிற்றை நீட்டினாள். “பொங்கல் முடியிற மட்டும் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாதுன்னு நீங்கதான மைக்ல சொன்னீக? இப்ப நீங்களே வண்டி வச்சுத் தாண்டி விடுறீக. ஆத்தாகிட்ட யாரு பதில் சொல்லுவா, நீங்களா டிரைவரா?”

டிரைவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். “என்னைய இழுக்காதீக தாயி. நான் எடுக்கல.”

“அது வீடு வாசல் உள்ளவுகளுக்குச் சொன்னதும்மா” என்றார் தலைவர்.

“பூசாரி கையத்தான் பாத்தாரு. கதவு நம்பர் கேக்கல.”

எதிர் டீக்கடையில் சிரித்தார்கள். “வாயா இது, வெடிமருந்துக் கிட்டங்கி” என்று முணுமுணுத்துக்கொண்டு தலைவர் கிளம்பினார். “பொங்கல் முடியட்டும், பாத்துக்கிடுவோம்.”

நான் பாயை மறுபடி விரித்தேன். அவள் தீச்சட்டி எடுத்தாள். சாமி வந்தபோது, மற்ற வாசல்களில் நின்றவர்களைப் போலவே தேங்காய்த் தட்டோடு எங்கள் தாழ்வாரத்தில் நின்றாள். பூசாரி வாங்கி உடைத்தார்.

விழா முடிந்து ஊரே காப்பு அவிழ்த்தது. தலைவர் வேறு டிரைவரோடு வந்தார்.

“முடிஞ்சிருச்சேம்மா.”

அவள் கையை நீட்டினாள். அலுமினியப் பொடி அப்பி, மஞ்சள் கயிறு ஈய நிறத்தில் இருந்தது.

“ஊருக்கு முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. எனக்கு ஒரு வீடு காட்டுங்க, உள்ள போய் அவுக்கேன்.”

காப்புக் கையைப் பிடித்து இழுக்க யாருக்கும் துணிச்சலில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. டீக்கடைக்கு வரும்போதெல்லாம் தலைவரிடம், “அந்தப் பிள்ள கயிறு இன்னும் இருக்கா?” என்று கேட்டுக் கேட்டே அவரை ஒரு வழி செய்துவிட்டார்கள். ஆனியில் அவரே, வேன் வரும் தெருமுனைக்கு நடந்துபோகும் தூரத்தில், விஸ்வநத்தத்தில் அட்வான்ஸ் இல்லாமல் ஓர் அறை பேசி முடித்தார். அதைத் தயவு என்று நான் எங்கும் குறித்து வைக்கவில்லை.

சாவியைக் கொடுத்தவர், “இப்பவாவது அவுத்துரும்மா” என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் அவிழ்த்தாள்.