கத்திக்கு முன்னால் ஒரு ஊசி

மணிக்கூண்டு ஆபரேஷன் தியேட்டரை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. எப்போதும் கடிகாரத்தையே பார்க்கும் அந்த நர்சுக்குப் பெரிய டாக்டர் வைத்த பட்டப்பெயர் அது. ஆன்டிபயாடிக் ஊசி போடாமல் கத்தி வைக்கக்கூடாது என்று அன்றும் அவள் குறுக்கே நின்றாள்.

"ஏம்மா, நீ அறுக்கிறியா, நான் அறுக்கட்டுமா? அப்புறமா ஏழு நாளைக்கு மாத்திரை எழுதித் தரேன்ல?"

"அறுக்கும்போதே கிருமி உள்ள போயிடுமே சார்!"

அன்று மாலையே அவள் துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நிம்மதியாக அறுத்தார். வார்டில் தையல்கள் சீழ் பிடித்தன. நோயாளிகள் சுத்தமாக இருப்பதில்லை என்று பழியை அவர்கள் தலையிலேயே கட்டினார்.

மூன்று வருஷம் கழித்து அவள் போனுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "சிஸ்டர், நாளைக்கு எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஊசி போட்டாங்களான்னு கொஞ்சம் பக்கத்துல நின்னு பாத்துக்கிறீங்களா?"