அடைக்கலம், பெண்களுக்கு மட்டும்

பெயர் என்பது ஒருவனுக்குப் பிறந்தவுடன் தைத்துப் போட்ட சட்டையா? வளர்ந்து அதை நிரப்பியே தீரவேண்டுமா? திருச்சி பாலக்கரையில், டெய்லர் அடைக்கலத்தின் கடை பெஞ்சில் உட்கார்ந்து இப்படி யோசிப்பது என் வழக்கம். என் மனைவியின் ரவிக்கை சொன்ன நாளில் தயாராகாது என்பதால் யோசிக்க நேரம் கிடைக்கும். "என்னைக்குங்க கிடைக்கும்?" என்றால் அவர் குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கிடையே கவ்விக்கொள்வார். வாயில் ஊசி இருப்பவரிடம் யார் பதில் கேட்பது?

கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அதை அவர் எந்தப் பெண்மீதும் வைத்ததில்லை. அளவு ரவிக்கை கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் திரைக்கு அப்பால் அவர் மனைவி வியாகுலம்மாள் அளந்து எண்களைக் கூவுவாள். ஸ்ரீரங்கத்து மாமிகள் பஸ் ஏறி வருவது அந்தக் கூச்சத்தை நம்பித்தான், தையலை நம்பி அல்ல. கை இறக்கம் விரற்கடையாவது தப்பும்.

பெயர்மீது அவருக்கே புகார் உண்டு. "எங்கம்மா அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு வச்சுட்டாங்க சார். பாக்கியநாதன்னு வச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். பூனை சீறுனா பெஞ்சு மேல ஏறுற ஆளுக்கு அடைக்கலம்னு பேரு!"

கடைப் பலகையில் மூன்று வரிகள் இருந்தன: அடைக்கலம், பெண்களுக்கு மட்டும், தைக்கப்படும். எழுபத்தேழாம் வருஷப் பெருமழையில் கடைசி வரி இருந்த தகரம் பிய்ந்துபோனது. தெரிந்த கடைதானே என்று விட்டுவிட்டார்.

அடுத்த தை மாதம் ஒரு மத்தியானம், ஜீயபுரத்துப் பக்கமிருந்து செல்லக்கிளி என்ற பெண் கைக்குழந்தையோடு படியேறினாள். பஸ்ஸிலிருந்து பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இறங்கியிருக்கிறாள். அடைக்கலம் தலைநிமிராமல், "அளவு கொண்டாந்திருக்கியாம்மா?" என்றார். அத்தாட்சி கேட்கிறார் என்று நினைத்தாள் போலும். திரும்பி நின்று, முந்தானையை விலக்கி முதுகைக் காட்டினாள். பெல்ட்டின் தடம் கன்றிப்போயிருந்தது.

"அடைக்கலம்கிறது என் பேரும்மா. இது தையக்கடை."

"போர்டுல போட்டிருக்கே?"

"போட்டது நான்தான். நெனச்சுப் போட்டது வேற."

அவள் படியிறங்கவில்லை.

அன்று அவளுக்கு இடம் தேடி அவரோடு நானும் அலைந்தேன். போலீஸ் ஸ்டேஷனில், "குடும்ப விஷயம், சமாதானமாப் போங்க" என்றார்கள். விடுதி ஒன்றில் குழந்தையோடு சேர்ப்பதில்லை. தாய்வீட்டில் முன்பே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மெட்ராஸில் இப்படிப்பட்டவர்களுக்கு இடம் உண்டு என்று ஒருவர் சொன்னார். "மெட்ராஸ் வரைக்கும் ஓடத் தெம்பிருந்தா அவ ஏன் சார் என் போர்டைப் படிக்கிறா?" என்றார் அடைக்கலம். இத்தனை கோபுரமும் காலேஜும் உள்ள ஊரில், அடிபட்டவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்க ஓர் அறை இல்லை. திரும்பும் வழியில் நான் மனித சுதந்திரம் பற்றிப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்ல உபரியா ஒரு பாய் இருக்குமா சார்?" என்றார். என் தத்துவப் படிப்பு உலகத்துக்கு அளித்த கொடை அந்தக் கோரைப்பாய்தான்.

அந்த வாரமே செல்லக்கிளியின் புருஷன் குடித்துவிட்டு வந்தான். "அடுத்தவன் பொண்டாட்டிய உள்ள வச்சிருக்கியாடா?"

வியாகுலம்மாள் கத்திரிக்கோலோடு வாசலில் நின்றாள். "யாரு, இவரா? இருக்கிற ஒருத்திக்கே பதில் சொல்லத் தெரியாது. மேல போர்டைப் பாரு. ஆம்பளைக்கு இங்க வேலையில்ல."

தெரு கூடியது. அவன் திட்டிக்கொண்டே போனான். பின்னும் இரண்டொரு தடவை எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்று முறைத்தான். முதல்நாள் சண்டையில் அடைக்கலம் எங்கே இருந்தார்? "மெஷினுக்கு அடியில ஊசி தேடிக்கிட்டிருந்தேன் சார். நெறையக் கிடைச்சுது."

செல்லக்கிளி ஊக்கு தைக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு காந்தி மார்க்கெட்டிலிருந்து இன்னொருத்தி, வீங்கிய கண்ணோடு, அவளும் பலகையைப் பார்த்துத்தான் வந்தாள். ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் பொறுமை இழந்தார். "இது டெய்லர் கடையா, சத்திரமா? போர்டை முதல்ல சரி பண்ணுங்கோ." யார் அதட்டினாலும் பணிகிற அடைக்கலம் உடனே புதுத் தகரம் வாங்கி, பெயிண்டர் ரசூலை வரவழைத்தார்.

ஏணியில் நின்ற ரசூல் கேட்டார், "கீழ 'தைக்கப்படும்' போடணும்லண்ணே?"

"வேணாம் பாய். மேல ரெண்டு வரி போதும். கொஞ்சம் பெரிசா எழுதுங்க."

தகரத்தின் அடியில் ஒரு முழம் வெறுமையாகவே இருந்தது. "ஏன்?" என்று கேட்டேன்.

அடைக்கலம் டப்பாவைத் திறந்து, குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கிடையே கவ்விக்கொண்டார்.