என் மேடும் அவள் கணக்கும்

எங்கள் ஆய்வகத்தில் ஓர் அறை உண்டு. அதற்குள் பேசக்கூடாது, பெருமூச்சு விடவே கூடாது. அகச்சிவப்பு ஒளியை மாதிரிக்குள் செலுத்தி, அதில் எதையெல்லாம் அது விழுங்கிக்கொண்டது என்று வரைபடமாகத் தரும் கருவி அங்கேதான் இருக்கிறது. மூடியைத் திறந்து மாதிரியை வைக்கும்போது நம் மூச்சு உள்ளே போய்விட்டால், மூச்சிலிருக்கும் ஈரமும் கரியமில வாயுவும் வரைபடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜொகூர் மழையில் காற்றிலிருக்கும் ஈரமே போதும், இதில் நம் பங்கு வேறு எதற்கு? முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, சட்டென்று திறந்து சட்டென்று மூடுவேன். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் வேலை. வயிற்றெரிச்சல் பிடித்தவள் செய்கிற வேலை இல்லை இது.

என் வயிற்றெரிச்சல் அவள் மேல்தான். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவள், முதுகலை மாணவி. கோலாலம்பூர்க்காரி. சிலோன்காரக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம், அப்பா அம்மா இரண்டு பேரும் டாக்டர்கள். நான் இங்கே ஜொகூரிலேயே பண்டார் தெங்காரா என்ற சின்ன ஊர்க்காரி. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எங்கள் பக்கம் 'சிலோன்காரங்க' என்று சொல்லும்போது பாதி மரியாதையும் பாதி நக்கலும் இருக்கும். அவளை நக்கலடிக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வந்த முதல் நாளே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். கருவியறையைத் தன் முறை இல்லாத நாளிலும் துடைத்து வைத்தாள். குறை சொல்ல இடம் தராதவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

நாங்கள் இருவரும் ஒரே மூலக்கூறைத்தான் பார்த்தோம். உடம்பிலிருக்கும் ஒரு புரதத்தின் சின்னத் துண்டு அது. கொண்டை ஊசி மாதிரி நடுவில் வளைந்திருக்கும். நான் அதன் தூளைக் கனநீரில் கரைத்து அளப்பேன். சாதாரணத் தண்ணீர் நாங்கள் பார்க்கிற இடத்தையே மறைத்துவிடும் என்பதால் கனநீர். அவள் அதே மூலக்கூறைக் கணினிக்குள் அணு அணுவாகக் கட்டி, அது எப்படி அதிரும், எந்த ஒளியை விழுங்கும் என்று கணக்குப் போடுவாள். கையுறை வேண்டாம், முகக்கவசம் வேண்டாம். கணக்கை அனுப்பிவிட்டு கேண்டீனில் தே ஓ ஐஸ் குடித்துக்கொண்டிருப்பாள். எங்கேயோ இருக்கிற பெரிய கணினி அவளுக்காக இரவு பகலாக உழைக்கும். எனக்கு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும்.

வரைபடத்தில் அந்த மேட்டை முதலில் கண்டுபிடித்தவள் நான். புரதத்தின் பெரிய குன்று எல்லாருக்கும் வருவதுதான். அதன் இடப்பக்கத் தோளில் சின்னதாக ஒரு மேடு இருந்தது. யாரும் சொல்லாத மேடு. எத்தனை தடவை அளந்தாலும் வந்தது. பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இது எதனால் வருகிறது என்று சொல்லாதவரை இது வெறும் மேடு என்றார். காரணம் கண்டுபிடிக்கும் வேலையை அவளிடம் கொடுத்தார்.

அவள் கொண்டுவந்தாள். வளைவுக்குள் ஒரு தண்ணீர் மூலக்கூறு மாட்டிக்கொண்டு புரதச் சங்கிலியை இழுத்துப் பிடிக்கிறது, அதனால்தான் அந்த மேடு என்றாள். அவள் கணக்கில் மேடு என் மேட்டின் மேலேயே அச்சாக உட்கார்ந்தது. மூலக்கூறு வண்ண வண்ணமாக ஆடுகிற ஒரு படத்தையும் போட்டுக் காட்டினாள். கருத்தரங்கில் எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், உள்ளங்கை வலிக்கிற அளவுக்கு. கட்டுரை எழுதலாம் என்றார் பேராசிரியர். விளக்கம்தான் கட்டுரைக்கு உயிர், அதனால் அவள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது.

முதல் பெயராக ஒரு கட்டுரை வராமல் என்னால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அவளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. பேராசிரியரிடம் தலையை ஆட்டிவிட்டு வந்து, வீட்டுக்குப் போகிற வழி முழுக்க ஸ்டியரிங்கோடு சண்டை போட்டேன். நான் அளக்காமல் இவள் எதை விளக்கியிருப்பாள்?

தீபாவளிக்கு ஆய்வகத்து ஆட்களை வீட்டுக்குக் கூப்பிடுவது வழக்கம். அவளும் வந்தாள். அம்மா முறுக்குத் தட்டை நீட்டி, என்ன படிக்கிறீங்க என்று கேட்க, அவள் கைபேசியைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இது நம்ம உடம்புக்குள்ள ஆடுறதா என்று கேட்டார். என் வேலையைப் பற்றி அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வது, அது லேப்ல ஏதோ தண்ணி டெஸ்ட் பண்ணுது என்பதுதான். அவள் போன பிறகு அம்மா என்னிடம், "இப்படிக் காட்டியிருந்தா எனக்கும் அப்பவே புரிஞ்சிருக்கும்ல" என்றார். நான் தட்டுகளைக் கழுவினேன். ஒன்று உடைந்தது.

கட்டுரைக்குக் கடைசியாக ஒருமுறை அளந்துவிடச் சொன்னார் பேராசிரியர். பழைய தூள் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்ததால் வேறு கடையிலிருந்து புதுப் புட்டி வந்திருந்தது. கரைத்தேன், அளந்தேன். குன்று வந்தது. மேடு வரவில்லை. தோள் வழவழவென்று இறங்கியது. என் கை தப்போ என்று மறுபடி அளந்தேன். அப்போதும் இல்லை.

புதுப் புட்டியில் 'அமிலம் நீக்கியது' என்று அச்சிட்டிருந்தது. பழைய புட்டியை எடுத்துப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை, விஷயம் விளங்கிவிட்டது. இந்த மாதிரித் தூளைச் செய்யும்போது கடைசியில் ஓர் அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். அதில் கொஞ்சம் தூளோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்த அமிலம் ஒளியை விழுங்குவதும் சரியாக அதே இடத்தில்தான். அதைக் கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் அளக்க வேண்டும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கழுவினால் தூள் வீணாகும், முதலில் சும்மா அளந்து பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் கணக்கிலும் மேடு வந்துவிட்டது. கணக்கே வந்து சாட்சி சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

நியாயமாகப் பார்த்தால் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். என் மேடு அழுக்கு என்று தெரிந்துவிட்டது அல்லவா. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். மேடே இல்லை என்றால் அவள் விளக்கமும் இல்லை. அந்தத் தண்ணீர் மூலக்கூறு, வண்ணப் படம், கைதட்டல் எல்லாமே ஓர் அமிலக் கறைக்குத்தான். நாளை வரை என்னால் பொறுக்க முடியாது. கேண்டீனுக்குப் போனேன்.

அவள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, வருத்தமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள், இல்லை சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவள் ஐயோ என்பதுபோல், அலமாக் என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். கையைத் துடைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து எதையோ தேடினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். அவள் போட்ட வேறொரு கணக்கு. குன்று இருந்தது, மேடு இல்லை. தோள் வழவழவென்று இறங்கியது, சற்று முன்னால் நான் அளந்ததைப் போலவே.

"இதான் அக்கா நான் மொதல்ல போட்ட கணக்கு. மேடே வரல. நீங்க அளந்தது தப்பா இருக்காதுன்னு, என் கணக்குதான் தப்புன்னு நெனச்சேன். மேடு வர்ற வரைக்கும் தண்ணிய மாத்தி மாத்தி வச்சேன்."

கல்யாண மண்டபத்துக்கு வழி தெரியாமல் முன்னால் போகிற காரைப் பின்தொடர்ந்தவர்களைப் போல் ஆகியிருந்தது எங்கள் கதை. என் மேட்டை நம்பி அவள், அவள் கணக்கை நம்பி நான், ஒரே ரவுண்டானாவை, எங்கள் ஊர்ப் புலாத்தானை, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம். சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை அப்படி நம்பிய ஆள் அதுவரை யாரும் இல்லை, பேராசிரியர்கூட இல்லை. ஆனால் அந்தத் திரையைப் பார்த்தபோது என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இவள் முதலிலேயே சரியாகச் சொல்லியிருக்கிறாள். எரிச்சல் அணையவில்லை, கொழுந்துவிட்டது.

பேராசிரியர் எங்கள் இருவரையும் திட்டினார். திட்டி முடித்ததும், அளவைப் பார்க்காமலே போட்ட கணக்கு, சுத்தமான அளவோடு ஒத்துப்போகிறது என்றால் கட்டுரை முன்பைவிட வலுவானது என்றார். முதல் பெயர் அவளுடையதுதான். நான் வேறு மூலக்கூறு பார்க்க வேண்டும், இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அக்கா பெயரை முதலில் போடுங்கள் என்று அவள் தனியாகப் போய்க் கேட்டாளாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அதையும் கேட்டுத் தொலைத்துவிட்டாள். திட்டுவதற்கு அந்த ஒரு வழியும் போயிற்று.

கட்டுரையில் போடும் படத்துக்காகப் பழைய தூளின் மிச்சத்தைக் கழுவி உலர்த்தினேன். அளக்கிற அன்று அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். முகக்கவசம் என் கழுத்தில் கிடந்தது, மேலே இழுத்துவிட மறந்திருந்தேன். மூடியைத் திறந்து மாதிரியை வைத்தேன். அது என்னைக் கேட்காமலே வந்தது. அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு.

வரைபடம் வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். குன்று சுத்தமாக, அவள் முதல் கணக்குப் போலவே இருந்தது. இடது பக்கம் தள்ளி, வெகு தூரத்தில் இரட்டைக் கொம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கரியமில வாயு. அதைப் படிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நானேதான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்ப அளக்கிறேன் என்றேன்.

"வேணாம் அக்கா. அது நம்ம பாக்குற எடம் இல்ல. படத்துல வெட்டிடலாம்" என்றாள்.

வெட்டிவிட்டோம். அவள் பெயர் முதலில் வந்திருக்கும் கட்டுரையில் அந்தப் படம் இருக்கிறது, பார்க்க நன்றாகவே இருக்கிறது. வெட்டாத கோப்பை நான் அழிக்கவில்லை.