லாரிக்கு ஒரு ஹாரன்

என் வீட்டுக்காரருக்குக் கால் உடைந்த பிறகு எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. மோட்டார் பைக்கை விற்றுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. விற்கக் கூடாது என்பது என் கட்சி. கட்சிக்கு ஒரு ஆள்தான், ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலை ஒட்டிய குப்பத்தில். அவர் விசைப்படகில் இன்ஜின் டிரைவர். நான் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் நிற்கிறவள். வருகிற டிரெய்லரை நிறுத்தி, கன்டெய்னர் நம்பரையும் சீல் நம்பரையும் சரிபார்த்து உள்ளே விடுவது என் வேலை. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. கம்பெனி வேன் நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான், நான் கான்ட்ராக்ட். பஸ்ஸை நம்பி மாறி மாறி ஏறிப்போனால் ஆறு மணி ஷிப்டுக்கு ஏழு மணிக்குப் போய்ச் சேரலாம். அதனால் அவர் கரையில் இருக்கும் நாட்களில் பைக்கில் கொண்டுபோய் விடுவார். கடலுக்குப் போயிருந்தால் நானே ஓட்டிக்கொண்டு போவேன். கல்யாணமான புதிதில் கடற்கரை ரோட்டில் எனக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அப்போது அது எங்கள் இரண்டு பேருக்கும் விளையாட்டு.

ஒரு நாள் காலை என்னை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, எண்ணூர் ரோட்டில் ஒரு டிரெய்லர் அவரை இடப்பக்கமாக ஒதுக்கி, மணல் மேட்டோடு சேர்த்து நெரித்துவிட்டது. அவர் ஹாரன் அடித்திருக்கிறார். மேலே இருந்த டிரெய்லர் டிரைவருக்குக் கேட்கவில்லை. வண்டிக்கு ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் வளைந்ததோடு சரி. அவருக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். படகு அவரில்லாமல் கடலுக்குப் போனது. வீட்டில் உலை கொதிப்பது என் சம்பளத்தில் என்றாகிவிட்டது.

நான் வளைந்ததை நிமிர்த்தி, வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். அன்று மாலையே சண்டை.

"இன்னாமே, எனுக்கு ஆனது போதாதா? வண்டிய வித்துத் தொலைச்சிடலாம்."

"வித்துட்டு? காட்டுப்பள்ளிக்கி நீந்திகினு போவட்டா?"

"வேற வேல பாரு. வூட்டாண்டயே எதுனா கெடைக்கும்."

"இன்னா கெடைக்கும்? சொல்லு, நாளைக்கே போறேன்."

அவர் போனைக் கையில் எடுத்தார். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். வாங்க ஆள் இருந்தால் அனுப்புங்கள் என்று படகுக்காரர்கள் பலருக்கும் போன் போனது. நான் அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வருகிறவன் வரட்டும், அவனிடமும் சண்டை போடலாம் என்று இருந்தேன்.

டிரெய்லர்காரர்களைத் திட்டித் தீர்க்கவும் எனக்கு மனசு வராது. தினமும் பார்க்கிற ஆட்கள். துறைமுகக் கியூவில் விடிய விடிய நின்று, கண் சிவந்து, என் கேட்டுக்கு வரும்போது தண்ணீர் கேட்பார்கள். ஒருமுறை பேப்பர் பார்க்க வேண்டும் என்று சாக்கு சொல்லி ஒரு டிரெய்லரின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இடப்பக்கம் கீழே எங்கள் வாட்ச்மேன் தன் சைக்கிளோடு நின்றிருந்தார். எனக்கு அவர் தொப்பி கூடத் தெரியவில்லை. அப்போதுதான் முடிவு செய்தேன். கண்ணுக்குத் தெரியாது என்றால் காதுக்காவது தெரிய வேண்டும்.

எங்கள் வண்டியோடு வந்த ஹாரன் சளி பிடித்த ஆள் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டு ஆடு கூட நகராது.

ராயபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"இன்னாக்கா, அண்ணன் வண்டிக்கா? ஏர் ஹாரனு போட்டுக்கோ. சும்மா ரோடே கிழியும்."

"அண்ணனுக்கு இல்ல, எனுக்கு. ஏர் ஹாரன போட்டா டிராபிக் போலீஸ்காரன் கயட்டிக்குவான். கரன்ட்டுல ஓடுற டபுள் ஹாரன் குடு. ரிலேயோட குடு."

ரிலே என்றதும் அவர் மரியாதை கொஞ்சம் ஏறியது. ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சின்ன ஒரு டப்பா. பெரிய ஹாரன் இழுக்கிற கரன்ட்டைப் பட்டன் தாங்காது, கருகிப்போகும். ரிலே இருந்தால் பட்டன் உத்தரவு மட்டும் போட்டால் போதும், பேட்டரியிலிருந்து ஹாரனுக்கு நேராகக் கரன்ட் போகும். இதையெல்லாம் நான் போன் வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன். கூடவே தனியாக ஒரு சிவப்புப் பட்டனும் வாங்கிக்கொண்டேன். பழைய ஹாரனைக் கழற்றுவதாக இல்லை. அது மனுஷர்களுக்கு. எங்கள் தெருவில் வலை பின்னுகிறவர்களையும் கூடையோடு போகிற பெண்களையும் புது ஹாரனால் அலறவைத்தால் எனக்கே அடி விழும். புதுசு லாரிக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழற்றினேன். அவர் நாற்காலியில், உடைந்த காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் கேட்டால்கூட எடுத்துத் தரவில்லை. உதவி செய்தால் என் கட்சிக்கு வந்துவிட்டதாக ஆகிவிடும் அல்லவா.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்கள். மிச்சம் விழுகிற பெயின்ட் வீட்டுக்கு வரும். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும் என்பதால் வீட்டில் உள்ள இரும்புக்கெல்லாம் ஒரு கோட். ஜன்னல் கம்பி, கேஸ் ஸ்டாண்டு, கட்டில் கால், எல்லாம் படகின் நீலம். எங்கள் குப்பத்தில் யார் எந்தப் படகில் வேலை செய்கிறார்கள் என்று ஜன்னலைப் பார்த்தே சொல்லிவிடலாம். பைக்குக்கும் வருஷம் தவறாமல் நீலம் அடித்தோம். டேங்குக்கு அடியில் இருக்கும் சட்டத்தில் பெயின்ட் அடை மாதிரி தடித்துக் கிடந்தது. அந்தப் பழக்கத்தில் நானும், ஹாரன் மாட்டும் பட்டையை முதல் நாளே நீலம் அடித்துக் காயவைத்திருந்தேன். அதைத் தாங்கும் போல்ட்டுக்கும் ஒரு தீற்று தீற்றினேன். திருப்தியாக இருந்தது.

ஹாரன்களை முன்பக்கம் இரண்டு பக்கமும் மாட்டினேன். மழைத் தண்ணீர் தேங்காதபடி வாயைக் கீழே பார்க்க வைத்தேன். பேட்டரியிலிருந்து வயர், நடுவில் ஃபியூஸ், அப்புறம் ரிலே. கரன்ட் திரும்பிப் போகிற எர்த் வயரைச் சட்டத்தில் இருந்த அதே போல்ட்டில் இறுக்கினேன். சாவியைத் திருப்பிச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக் காக்கா கத்தியதுதான் கேட்டது.

மறுபடி அழுத்தினேன். ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். ஒன்றுமில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோளைப் பார்த்தே தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹாரன் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டு, சீட்டை மாட்டிக்கொண்டு ராயபுரம் போய்க் கடைக்காரரைப் பிடித்தேன்.

"இன்னா சரக்கு குடுத்துகீறே? பொம்பள தானேன்னு உடைஞ்சத தலைல கட்டிட்டியா?"

கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். கடைக்காரர் பேசவில்லை. மேஜை மேல் இருந்த பேட்டரியில் இரண்டு வயரையும் தொட்டார். ஹாரன் அலறியது. எதிரே டீக்கடையில் ஒரு ஆள் கையிலிருந்த கிளாஸைக் கீழே விட்டுவிட்டார். எனக்குக் காது அடைத்தது, முகம் சிவந்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தேன்.

வண்டி ஓட்டிக்கொண்டு வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றை யோசித்தேன். அங்கே பேட்டரியில் தொட்டதும் கத்தியது இங்கே ஏன் கத்தவில்லை? வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினேன். இந்த முறை எர்த் வயரைப் போல்ட்டில் இறுக்காமல், கையில் பிடித்து நேராகப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன். பட்டனை அழுத்தியதும் கத்தியது. வயரைப் போல்ட்டில் வைத்தேன். செத்துப்போனது. போல்ட்டைப் பார்த்தேன். வருஷா வருஷம் நாங்கள் ஆசையாக அடித்த நீலம், அதற்கு மேல் நேற்று நான் அடித்த நீலம். பெயின்ட் வழியாகக் கரன்ட் எப்படிப் போகும்?

அவருக்கும் இது தோன்றியிருக்காது. படகு மரத்தால் ஆனது, அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு வயர் இழுத்துப் பேட்டரிக்கே கொண்டுபோவார்கள். பைக்கில் இரும்புச் சட்டம்தான் இரண்டாவது வயர். அந்த இரும்பைத்தான் நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து மூடி வைத்திருந்தோம்.

மீன் செதில் சுரண்டும் கத்தியை எடுத்துவந்து சுரண்டினேன். நீலம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடியில் இரும்பு வெள்ளையாக மின்னும்வரை விடவில்லை. வயரை இறுக்கி, அதற்கு மேலே கிரீஸ் தடவினேன். பட்டனை அழுத்தினேன்.

கட்டைக் குரலும் கீச்சுக் குரலும் சேர்ந்து எழுந்த சத்தத்தில் கூரை மேலிருந்த காக்காய்கள் அத்தனையும் பறந்தன. நான் வெற்றியோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னொரு தபா அடி," என்றார்.

அடித்தேன்.

"இன்னொரு தபா."

அடித்தேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா நைனா, பேஜாரா கீது, ஊட்டுக்குள்ள கப்பலு உட்டுகினு கீறீங்களா?" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை.

"அன்னிக்கி இது இருந்துருந்தா..." என்றார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். அதுவரை எனக்கு அவர்மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. எவ்வளவு பயந்து கிடக்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பயந்தது அவர் காலுக்காக இல்லை.

ஆனாலும் வண்டியை விடுவதாக நான் இல்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை, எண்ணூர் ரோட்டில் வரிசையாக நின்ற லாரிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு வலப்பக்கம் போன டிரெய்லர் இண்டிகேட்டர் எதுவும் போடாமல் இடப்பக்கம் சாயத் தொடங்கியது. அதன் நடுச் சக்கரம் என் முழங்காலை உரசும் தூரத்துக்கு வந்துவிட்டது. பிரேக்கும் சிவப்புப் பட்டனும் ஒரே நேரத்தில் போட்டேன், பட்டனை விடவில்லை. டிரெய்லர் குலுங்கி நின்றது. டிரைவர் நகர்ந்து வந்து இடப்பக்கத்துக் கதவைத் திறந்து பின்னால் தூரத்தில் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே பார்த்தார்.

"ஏம்மா, நீதானா? பெரிய லாரில்ல ஏறி வருதுன்னு நிப்பாட்டுனேன்," என்றார். தெற்கத்திப் பேச்சு.

"லாரின்னே நெனச்சிக்கோங்கண்ணே," என்றேன். அன்று மதியம் அவரே என் கேட்டுக்கு வந்தார். சீல் பார்க்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "ஹாரனக் கழட்டிராதம்மா," என்று மட்டும் சொன்னார். இந்த விஷயத்தைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் எதிர்க்கட்சிக்கு ஆதாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்த வாரம் வண்டி வாங்க ஆள் வந்துவிட்டான். வியாசர்பாடிக்காரன், படகில் யாரோ சொல்லி வந்தவன். என் வீட்டுக்காரர் வரச் சொன்னதை மறுக்கவும் இல்லை, உபசரிக்கவும் இல்லை. கைத்தடியை ஊன்றி வாசலில் நின்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.

அவன் டயரை உதைத்துப் பார்த்தான், கிளட்ச்சைப் பிடித்துப் பார்த்தான். சிவப்புப் பட்டனைப் பார்த்து, "இது இன்னாது?" என்று அழுத்தினான். அழுத்தியவன் இரண்டு அடி பின்னால் துள்ளினான்.

"யப்பா! நைனா, வண்டி ஓகே. இத்த மட்டும் கயட்டிட்டுக் குடுத்துடுங்க."

"அத்த கயட்ட முடியாது," என்றார் என் வீட்டுக்காரர்.

"சரி, அப்டியே குடுங்க, நானே கயட்டிக்கிறேன்."

அவர் வண்டியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அவன் பொறுமை இழந்து, "இன்னா நைனா, வண்டி உங்களுதுதானே? குடுக்கறீங்களா இல்லியா?" என்றான்.

"எனுது இல்ல," என்றார். "அவளுது. அவளக் கேளு."

அவன் என் பக்கம் திரும்பினான். அவரும் திரும்பினார். சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றும் தேவைப்படவில்லை.

"விக்கல," என்றேன்.